பத்துப் பாடங்களும் ஒரு கண்ணீர் அஞ்சலியும்

ஆம்பிளைகள் அறுபதைத் தொட்டதும் ஞானியாகிவிடுகிறார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. ராஜபாளையம் தென்காசி ரோட்டில் பிளெக்ஸ் கடை வைத்துப் பிழைப்பதால் தெரிந்துகொண்டேன். அறுபதாம் கல்யாணத்துக்கு போர்டு அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு தத்துவத்தோடுதான் வருவார்கள். உடம்பைப் பார்த்துக்கொள், குடும்பத்தோடு நேரம் செலவழி, கோபத்தைக் குறை. இதெல்லாம் முன்பே தெரியாமல் போய்விட்டதாம். தெரியாமல் எப்படிப் போகும்? வீட்டில் பெண்டாட்டி தினமும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னால் நச்சரிப்பு; அதுவே வாட்ஸ்அப்பில் சூரியன் உதிக்கிற படத்தோடு வந்தால் வாழ்க்கைப் பாடம்.

சுபேதார் ஜெயபாண்டி கடைக்குள் நுழைந்தபோதே நான் வேலை இருக்கிற மாதிரி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தளவாய்புரத்துக்குப் பக்கத்தில் ஊர். வயல், தென்னந்தோப்பு, செண்பகத்தோப்பு மலையடியில் ஒரு மாந்தோப்பு என்று வசதியாக இருக்கிறவர். நடக்கும்போது யாரோ பின்னால் கொடி பிடித்து வருகிற மாதிரி நடப்பார். அவருக்குப் பின்னால் அன்று வந்தது அவர் மனைவி இருளம்மாள்தான். கையில் ஒரு மஞ்சப்பை. உட்காரச் சொல்லியும் உட்காராமல் லேமினேஷன் மெஷின் பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

"ஏம்மா பியூலா, ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துல எனக்கு அறுபதாம் கல்யாணம். வாசல்ல பெருசா ஒரு போர்டு வேணும். எங்க படம் ஓரமாப் போதும். நடுவுல பத்துப் பாடம் வரணும்" என்றார்.

"என்ன பாடம் அண்ணாச்சி?"

"வாழ்க்கைப் பாடம். உனக்கு அனுப்பிருக்கேன் பாரு. தலைப்பு, 'முன்பே தெரிந்திருந்தால்'. வாரவன் போறவன் படிக்கணும். படிச்சுட்டு ஒரு நிமிசம் நிக்கணும்."

போனைத் திறந்து பார்த்தேன். பத்தும் இருந்தது. நீங்களே எழுதியதா என்று கேட்டேன்.

"குரூப்புல வந்ததுதான். ஆனா எனக்கே எழுதுன மாதிரி இருக்கு. படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு."

அவருக்குக் கண் கலங்கியதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏன் என்று சொல்ல வேண்டும். நான்காவது பாடம், 'உறவுகளை உதறாதே'. ஆறாவது, 'கோபத்தில் எடுத்த முடிவைத் திருத்திக்கொள்ள வெட்கப்படாதே'. ஏழாவது, 'ஊர் என்ன சொல்லும் என்று வாழாதே'. இந்த மனிதர்தான் தன் மகள் உயிரோடு இருக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி போர்டு வைத்தவர்.

எங்கள் பக்கத்தில் இது நடக்கிற கதைதான். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டால், அதுவும் வேறு ஆட்களில் செய்துகொண்டால், சில அப்பன்மார் அவள் செத்துவிட்டதாக போர்டு வைப்பார்கள். சும்மா வாயால் சொல்வதில்லை. படம், மாலை, குத்துவிளக்கு, 'தோற்றம்', 'மறைவு', கீழே சொந்தபந்தங்களின் பெயர் வரிசை, எல்லாம் உண்டு. ஜெயபாண்டியின் மகள் மாரிச்செல்வி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கல்லூரியில் படித்தபோது பழக்கமான கௌதம்ராஜ் என்கிற பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீசியன். குடி கிடையாது, கூத்து கிடையாது. ஆனால் வேறு ஆட்கள். அது போதாதா? அவள் கையெழுத்துப் போட்ட தேதியையே 'மறைவு' என்று போட்டு அடித்துத் தரச் சொல்லி இதே ஜெயபாண்டி இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"செத்துட்டாளா அண்ணாச்சி?" என்று அன்று கேட்டேன்.

"எங்களைப் பொறுத்த மட்டுக்கும் செத்துட்டா."

"அப்ப டாக்டர் எழுதிக் குடுத்ததைக் கொண்டு வாங்க. அடிக்கேன்."

என்னை நியாயஸ்தி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெண் நாளைக்கு போலீசில் புகார் கொடுத்தால் கடையை இழுத்து மூடிவிடுவார்கள் என்கிற பயம், அவ்வளவுதான். அவர் முறைத்துவிட்டு எழுந்து போனார். வேறு ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் அடித்துக் கொடுத்தான். அவர்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் அதைக் கட்டினார்கள். அதற்குக் கீழே பாய் விரித்து இருளம்மாளை உட்கார வைத்தார்கள். அவளும் தலையை விரித்துப் போட்டு ஒப்பாரி வைத்தாள். ஊர்ப் பெண்கள் வந்து கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். கோவில்பட்டிக்கு ஒரு வேலையாகப் போய்த் திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். உயிரோடு இருக்கிற மகளுக்காக இந்தப் பொம்பளை எப்படி இப்படி அழுகிறாள் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. புருசன் சொன்னால் பாம்பைக்கூட இடுப்பில் கட்டிக்கொள்வாள் போல என்று நினைத்தேன். அதனால் அவள் மேலும் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. கடையில் அவள் நின்றுகொண்டே இருந்தபோது இரண்டாவது தடவை உட்காரச் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

பத்துப் பாடத்தையும் திரையில் ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் தம்பதி படத்தை வைத்தேன். ஜெயபாண்டி திரைக்கு முன்னால் குனிந்து ஒவ்வொரு பாடத்தையும் உரக்க வாசித்தார். நிறம் சொன்னார், எழுத்தின் சாய்வு சொன்னார். மீசை இன்னும் கருப்பாகத் தெரிய வேண்டும் என்றார். கருப்பாக்கினேன்.

"கீழே பேரு வரிசை சொல்லுங்க" என்றேன்.

சம்பந்தக்காரர்கள், பங்காளிகள், பட்டாளத்தில் இருக்கிற மகன், மருமகள் என்று சொல்லிக்கொண்டே போனார். முடித்தார். அப்போதுதான் லேமினேஷன் மெஷின் பக்கம் இருந்து இருளம்மாள் வாயைத் திறந்தாள்.

"அவ பேரு உண்டா?"

ஜெயபாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. "அதுக்கு வேற வழி பண்ணிருக்கேன்னு சொன்னேன்ல. செத்த நேரம் சும்மா இரு."

"உண்டான்னுதான் கேட்டேன்" என்றாள். பிறகு என்னிடம், "அவ வருவான்னு இவிய சொல்லுதாவ. நான் பாத்து எம்புட்டு வருசம் ஆச்சு. அவ வந்தாப் போதும் எனக்கு. வேற எதுவும் வேண்டாம்" என்றாள்.

அவள் குரலில் கெஞ்சலும் இல்லை, அழுகையும் இல்லை. கடைக்காரியிடம் அளவு சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் கை மட்டும் மஞ்சப்பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கையைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒருத்தியை வெறுக்க முடிவு செய்தபிறகு அவள் கையைப் பார்க்கக் கூடாது.

செத்துப்போன மகள் ஏன் திடீரென்று பிழைத்தாள் என்பது எனக்குப் போன மாதமே தெரியும். மாரிச்செல்வி பரீட்சை எழுதி அரசாங்க உத்தியோகம் வாங்கி, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்கே மாற்றலாகி வந்திருந்தாள். ஜீப்பும் டிரைவரும் உள்ள உத்தியோகம். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. அவளுக்கு எதற்கு வம்பு. செண்பகத்தோப்பில் ஜெயபாண்டியின் மாந்தோப்புக்கும் காட்டு வேலிக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் ரொம்ப காலமாக இழுபறியில் கிடக்கிறது. ஒருநாள் அங்கே ஒரு ஜீப் வந்து நின்றது. அதில் இருந்து இறங்கிய அதிகாரியைப் பார்த்து ஜெயபாண்டி கும்பிட்டிருக்கிறார். கும்பிட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்திருக்கிறார். அவள் இவரைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் அளவுக்காரனிடம் பேசிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டாளாம். அன்று ராத்திரிதான் குரூப்பில் இந்தப் பத்துப் பாடம் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கண் எதற்குக் கலங்குகிறது?

அவர் மீசையின் நுனியைச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இருளம்மாளின் தம்பி தங்கப்பாண்டியன் வேர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் வந்தான். வெற்றிலை பாக்கு, பத்திரிகையோடு மாரிச்செல்வி வீட்டுக்குத் தூது போனவன் அவன்தான். ஜெயபாண்டி தானே போயிருக்கலாம். ஆனால் செத்தவள் வீட்டுப் படியேற அவருக்குக் கூச்சமாம்.

"என்னடே, என்ன சொன்னா?" என்றார் ஜெயபாண்டி.

"வாரேன்னு சொல்லுதா அத்தான்." தங்கப்பாண்டியன் என்னைப் பார்த்தான். கடையில் வைத்துச் சொல்லலாமா என்று யோசித்தான்.

"சொல்லு. பியூலா நம்ம பிள்ளைதான்."

"ஒண்ணு கேக்கா. நம்ம ஊரு பஸ் ஸ்டாப்புல அன்னைக்கு ஒரு போர்டு வச்சீங்கள்ல, அதே எடத்துல இன்னொண்ணு வைக்கணுமாம். என் மகள் உயிரோட இருக்கா, நான் வச்சது பொய், அப்படின்னு உங்க பேரு போட்டு. ஒரே ஒரு நாள் இருந்தாப் போதுமாம். அதைப் பாத்துட்டு அவளே வருவாளாம். பொறவு பழசு எதையும் பேச மாட்டேன்னு சொல்லுதா."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. நிலமும் கேட்கவில்லை, நகையும் கேட்கவில்லை. காலில் விழச் சொல்லவுமில்லை. வைத்த இடத்தில் எடுக்கச் சொல்கிறாள். கணக்காகத்தான் கேட்டிருக்கிறாள்.

இருளம்மாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "வச்சிரலாம்" என்றாள். "அம்புட்டுத்தான கேக்கா. வச்சிரலாம்."

"என்னத்த வச்சிரலாம்?" ஜெயபாண்டியின் குரல் உயர்ந்தது. "நான் வச்சது பொய்யின்னு நானே எழுதி வைக்கவா? நாலு பேரு பாக்க மாட்டானா? ஊரு என்ன சொல்லும்?"

திரையில் ஏழாவது பாடம் பெரிய மஞ்சள் எழுத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் மவுஸை அதன் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

"அண்ணாச்சி, இந்த ஏழாவதை எடுத்துரவா?"

அவர் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம்கூட உறைக்கவில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

"அது எதுக்கு? நல்ல பாடம்ல அது. இருக்கட்டும்."

"இல்ல, ஊரு என்ன சொல்லும்னு கேட்டீங்களே."

"அது பொதுவாச் சொல்றதும்மா. இது நம்ம வீட்டு விசயம்."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதைவிட உண்மையான பதில் வேறு கிடையாது. பாடங்கள் எல்லாமே பொதுவாகச் சொல்வதற்குத்தான். வாசலில் கட்டலாம், குரூப்பில் அனுப்பலாம், கண் கலங்கலாம். வீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் சிக்கல்.

ஜெயபாண்டி மேசையைத் தட்டினார். வழி கண்டுபிடித்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் எதுவும் வேண்டாம். மண்டபத்து வாசலில் பாடங்களுக்குப் பக்கத்திலேயே மகளை வரவேற்று இன்னொரு போர்டு. 'வருக வருக, எங்கள் குலவிளக்கே' என்று பெரிய எழுத்து. கீழே அவள் உத்தியோகத்தின் பெயர் அதைவிடப் பெரிய எழுத்தில். பார்த்தால் மனசு இளகிவிடுமாம். தங்கப்பாண்டியன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்; அவர் கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

"படம் குடுங்க" என்றேன்.

அவர் போனைத் தோண்டினார். ரொம்ப நேரம் தோண்டினார். மகள் படங்களை எல்லாம் அன்றைக்கே வீட்டு வாசலில் போட்டுக் கொளுத்தியாயிற்று. கல்லூரி அடையாள அட்டையைக்கூட விடவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது என்று எனக்கு அனுப்பினார். திறந்து பார்த்தேன். அந்தக் கண்ணீர் அஞ்சலி போர்டையே யாரோ எதிரில் நின்று போனில் எடுத்த படம். அத்தனை வருடமும் அதை வைத்திருந்திருக்கிறார். துப்பட்டாவைத் தோளில் குத்திக்கொண்டு லேசாகச் சிரிக்கிற பெண். கழுத்தைச் சுற்றி மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே தேதிகள்.

"அந்த மறைவுத் தேதியை மட்டும் அழிச்சிரும்மா" என்றார். "மாலையையும் எடுத்துரு. விளக்கு இருந்தா இருக்கட்டும், குலவிளக்குன்னு எழுதுறோம்ல, பொருத்தமா இருக்கும்."

பல வருடத் தொழிலில் எத்தனையோ கோமாளித்தனத்தைப் பார்த்திருக்கிறேன். தன் படத்துக்குப் பின்னால் சிங்கத்தை நிற்கவைக்கச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றுதான் எனக்கு மவுஸைத் தூக்கி ஒரு ஆள் மூஞ்சியில் எறியத் தோன்றியது. எறியவில்லை. இருளம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் படத்தை அவளும் அத்தனை காலம் பார்த்திருக்க மாட்டாள். நான் மாலையை எடுத்தேன். மாலைக்குக் கீழே கழுத்து இல்லை. அந்த இடம் வெள்ளையாக இருந்தது. வேறு யாரோ ஒரு பெண்ணின் கழுத்தை எடுத்து ஒட்டினேன்.

அடித்து முடித்ததும் அந்தப் போர்டின் படத்தைத் தங்கப்பாண்டியன் போன் வழியாக மாரிச்செல்விக்கு அனுப்பச் சொன்னார் ஜெயபாண்டி. இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

"பாத்துட்டா. மாட்டேன்னு சொல்லலைல்ல. வருவா" என்றார் ஜெயபாண்டி, மீசையைத் தடவிக்கொண்டு.

விசேஷத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போர்டுகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கட்டுகிற கண்ணுச்சாமியை அதில் அனுப்பிவிட்டு, நான் ஸ்கூட்டியில் பின்னால் போனேன். மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் நுழைகிற இடத்தில். சமையல்காரர்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் அதற்குள் வந்து சேர்ந்து, நாற்காலியைப் பிடித்துப்போட்டு அடுத்தவர் வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணுச்சாமி வாசலில் ஒரு பக்கம் பத்துப் பாடத்தையும் இன்னொரு பக்கம் குலவிளக்கையும் இழுத்துக் கட்டினான். பாடத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்று முதலில் இருந்து கடைசிவரை வாசித்தார். "அருமையாப் போட்டுருக்காரு சுபேதார்" என்று சொல்லிவிட்டு, வாசலில் தன்னைக் காக்கவைத்துவிட்டாள் என்று பின்னால் வந்த மருமகளை ஏசிக்கொண்டே உள்ளே போனார்.

ஜெயபாண்டி பட்டுச் சட்டையில் வந்தார். கூடவே இருளம்மாளும், போட்டோகிராபரும். போட்டோகிராபர் குலவிளக்கு போர்டைப் பார்த்து வெளிச்சம் எங்கே இருந்து வரும் என்று கணக்குப் பார்த்தான். ஜெயபாண்டி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பாரு, மாலையெல்லாம் எடுத்தாச்சு. பளிச்சுன்னு இருக்கால்ல?"

இருளம்மாள் பார்த்தாள்.

"நாளைக்கு அவ ஜீப்புல வந்து எறங்குவா. இந்தத் தம்பி வீடியோ எடுக்கும். அவளைக் கண்டதும் நீ ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சுக்கோ. கொஞ்சம் அழணும். சும்மா மூக்க உறிஞ்சாத. அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல அழுதேல்ல, அந்த மாதிரி அழு. அப்பத்தான் பாக்குறவனுக்கும் மனசுல நிக்கும்."

இதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பந்தி எங்கே போட வேண்டும், செருப்பை எங்கே விட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு சமையல்காரனைத் தேடிப் போய்விட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால்கூட அந்த மனிதனை நான் இன்னும் கொஞ்சம் மதித்திருப்பேன்.

இருளம்மாள் அதே இடத்தில் நின்றாள். போர்டில் மகளின் முகத்துக்குக் கீழே, ஒட்டின கழுத்துக்குக் கீழே, அவள் நின்றது அன்றைக்குப் பாய் விரித்து உட்கார்ந்த மாதிரியேதான் இருந்தது. நான் பணம் வாங்க வேண்டிய வேலையை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் வந்தாள்.

"ஏட்டி பியூலா, அவ வீடு உனக்குத் தெரியுமா?"

"மடவார்வளாகம் பக்கம்னு தங்கப்பாண்டியன் சொன்னான்."

"உன் வண்டியில என்னைக் கொண்டுபோய் விடுதியா?"

"எப்ப?"

"இப்பத்தான்."

"அண்ணாச்சிட்ட சொல்லிட்டு வாங்கக்கா" என்றேன். கடைக்காரி புத்தி அது.

"அவியட்ட இத்தன வருசமா எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் செஞ்சேன்" என்றாள். "சொன்னதெல்லாமும் செஞ்சேன். அழச் சொன்னாவ, அழுதேன். என் பிள்ளை உசுரோட இருக்கான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் அழுதேன். மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்னு இம்புட்டு நாளும் நெனச்சு நெனச்சுக் கெடந்தேன். இப்ப மறுபடியும் அழச் சொல்லுதாவ."

அறுபது வயதில் பாடம் படிக்கிற கூட்டத்தில் இவளும் ஒருத்திதான் என்று முதலில் நினைத்தேன். இதை அன்றைக்கே படித்திருந்தால் எவ்வளவு மிச்சம். ஆனால் அவள் படித்ததை வாசலில் கட்டாமல் ஸ்கூட்டியில் ஏறப் பார்த்தாள். அது எனக்குப் புதிதாக இருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

மடவார்வளாகத்துக்குப் போனோம். கோவில் பக்கத்தில் விசாரித்து, ஒரு சந்துக்குள் திரும்பினோம். மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு என்று கட்டின வாடகை வீடு. கீழ் வீட்டு வாசலில் ஒரு சைக்கிளும் ஒரு மோட்டார் சைக்கிளும் நின்றன. நான் மணியை அடித்தேன். கைலி கட்டின ஒருவன் கதவைத் திறந்தான். கௌதம்ராஜாகத்தான் இருக்க வேண்டும்.

"யாரு வேணும்?"

நான் இருளம்மாளைப் பார்த்தேன். இந்த மருமகனை அவள் அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை.

"மாரிச்செல்விக்கு அம்மா" என்றாள்.

அவன் முகம் மாறியது. ஆனால் மரியாதையாகத்தான் இருந்தான். கதவை முழுதாகத் திறந்துவிட்டு, உள்ளே பார்த்து, "செல்வி, செத்த வாயேன்" என்றான். விலகி நின்றுகொண்டான்.

மாரிச்செல்வி ஆபீஸ் சேலையில் இருந்தாள். இன்னும் மாற்றவில்லை. போர்டில் இருந்த பெண்ணைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகம் கறுத்திருந்தது. அம்மாவைப் பார்த்தாள். ஓடிவரவும் இல்லை, கதவை அடைக்கவும் இல்லை. நிலைப்படியில் வந்து இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் கூப்பிட வந்தியா? மாமாட்ட பதில் சொல்லி அனுப்பிட்டேன்."

"கூப்பிட வரலட்டி."

"படம் அனுப்பிருந்தாவ. பாத்தேன். கழுத்து யாருது?"

அது என்னைப் பார்த்துக் கேட்டது மாதிரி இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"என்னமோ பண்ணிட்டாவ" என்றாள் இருளம்மாள். "வா, வரலைன்னு எல்லாம் நான் கேக்க வரல. உன்னப் பாக்கணும்னு வந்தேன்."

மாரிச்செல்வி சத்தம் போடவில்லை. ஆபீஸில் மனுவைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"அந்த போர்டு வச்ச அன்னைக்கு நான் பஸ்ஸுல நம்ம ஊரு வழியாத்தான் போனேன். பயந்து பயந்து ஜன்னலோரம் உக்காந்திருந்தேன். பஸ் ஸ்டாப்புல பஸ் நின்னுச்சு. என் படத்துக்குக் கீழ நீ உக்காந்து அழுத. எங்கம்மா எப்படியாச்சும் என்னப் பாத்துருவா, கண்ணக் காட்டுவா, எனக்கு அது போதும்னு நெனச்சேன். நீ தலை நிமிரவே இல்ல. அந்த அழுகையைக் கேட்டு, நெசமாவே நான் செத்துத்தான் போயிட்டேனோன்னு எனக்கே பயமா இருந்துச்சு. நான் அப்பாவை எல்லாம் எப்பவோ விட்டுட்டேன். அவிய அப்படித்தான். நீதான்."

இருளம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் நான் அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பேன். மாரிச்செல்வியும் கதவை அடைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். மஞ்சப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள் கடைசியில். "அழுதேன்."

"பாத்துட்டேல்ல. போ" என்றாள் மாரிச்செல்வி. "செத்தவ வீட்டுக்கு வந்திருக்க. போனதும் தலைக்குக் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழையணும். மறந்துராத. நாளைக்கு உனக்குத் தாலி கட்டுறாவ."

பக்கத்து வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கௌதம்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். நான் வண்டிச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். போகலாம் அக்கா என்று சொல்லத் தயாராக இருந்தேன். இருளம்மாள் செருப்பைக் கழற்றினாள். நிலைப்படிக்கு வெளியே, சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக ஒதுக்கி வைத்தாள்.

"அங்க போகலட்டி" என்றாள். "இங்கேயே குளிச்சிக்கிடுதேன்."

மாரிச்செல்வி கட்டின கையை அவிழ்க்கவில்லை. அம்மாவின் முகத்தையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் என் போன் அடித்தது. ஜெயபாண்டியின் பெயர் திரையில் வந்தது. நான் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்த பிறகு மாரிச்செல்வி திரும்பி உள்ளே நடந்தாள். குளியலறை விளக்கைப் போட்டுவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள்.